நடுவில் உட்கார்ந்த நிதானம்

கான்பெராவில் தேசிய வெள்ள எச்சரிக்கை ஆணையத்தின் தலைமையகம் ஒரு குன்றின் மேல் இருக்கிறது. எந்தக் காலத்திலும் வெள்ளம் எட்டிப்பார்க்க முடியாத இடமாக இருக்க வேண்டும் என்று நிபுணர் குழு ஒன்று பல மாதம் அலைந்து தேர்ந்தெடுத்த இடம் அது. அங்கே வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் வெள்ளத்தைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார்கள். மீதிப் பாதி படத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை.

அந்தக் கட்டடத்துக்குத்தான் நரெல் கில்பி ஒப்பந்த வேலைக்கு வந்து சேர்ந்தாள். நாற்பதைத் தாண்டியவள். குவீன்பியனில் ஒரு சின்ன வீடு, ஒரு கிழட்டு நாய், விவாகரத்தான கணவன். கடைசி இரண்டில் நாயோடு மட்டும் பேச்சுவார்த்தை உண்டு.

அவள் தொழில் கொஞ்சம் விசித்திரமானது. ஒரு கணினிக்குள் பல நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒன்று இன்னொன்றுக்கு ஓயாமல் செய்தி அனுப்புகிறது. நரெல் அவற்றுக்கு நடுவில் புகுந்துகொண்டு, போகிற செய்தியைப் பிடித்துப் படிப்பாள். சில சமயம் மாற்றி எழுதி அனுப்பியும் பார்ப்பாள். வாங்கிக்கொள்கிற நிரல், 'நீ யார், உன்னை எனக்குத் தெரியுமா' என்று விசாரிக்கிறதா, அல்லது வாசலில் நிற்கிற எவனையும் மாமா என்று கூப்பிடுகிற குழந்தை மாதிரி நம்பிவிடுகிறதா என்று தெரிந்துகொள்வதற்காக. திருடன் வருவதற்கு முன்னால் திருடன் வேலையைச் செய்து பார்த்து, எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். இதை அவள் தன் அம்மாவுக்கு விளக்கியபோது, "ஒட்டுக்கேக்கறதுக்குக்கூடவா சம்பளம் குடுக்கறாங்க?" என்று அம்மா கேட்டாள். அதற்குமேல் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.

ஆணையம் சில வருடங்களாக ஆற்றங்கரை ஊர்களுக்கெல்லாம் தானியங்கி அபாயச் சங்கு வைத்துவந்தது. ஆற்றில் நட்டிருக்கும் கருவி நீர்மட்டத்தை மீட்டர் கணக்கில் கான்பெராவுக்கு அனுப்பும். இங்கே 'அளவி' என்ற நிரல் அதை வாங்கி, 'சங்கு' என்ற இன்னொரு நிரலுக்குச் சொல்லும். அது அந்த ஊர்ச் சங்கை ஊதவைக்கும். இந்த ஏற்பாட்டில் ஓட்டை உண்டா என்று பார்க்கத்தான் நரெலைக் கூப்பிட்டிருந்தார்கள்.

முதல் வாரமே அவளைக் கூட்ட அறைக்கு வரச்சொன்னார்கள். இணை இயக்குநர் பெவன் ஸ்ட்ராத் தலைமை இடத்தில் உட்கார்ந்திருந்தார். எதிரே சட்ட ஆலோசகர் இமோஜென் பைக். நடுவில் ஒரு தட்டு லாமிங்டன் கேக்.

"ரெண்டு பேர் பேசிக்கறத அவங்க சம்மதமில்லாம நடுவுல புகுந்து கேக்கறது குற்றம், நரெல்," என்றாள் இமோஜென்.

"ஆளுங்க இல்லைங்க. புரோகிராமுங்க."

"சட்டத்துல 'தொடர்பில் ஈடுபடும் தரப்பினர்'னுதான் இருக்கு. மனுஷங்களா இருக்கணும்னு எங்கயும் இல்ல."

நரெல் பெவனைப் பார்த்தாள். இது விளையாட்டு என்று அவர் முகம் சொல்லும் என்று எதிர்பார்த்தாள். அவர் தலையசைத்துக் குறித்துக்கொண்டிருந்தார்.

"அதுங்ககிட்ட நான் எப்படிங்க சம்மதம் கேக்கறது?"

"அதுங்க பாஷை தெரிஞ்சவங்கன்னுதானே உங்கள வேலைக்கு எடுத்தோம்?" என்றாள் இமோஜென், கொஞ்சம் வருத்தத்தோடு.

வேறு வழியில்லாமல் நரெல் இரண்டு நிரல்களுக்கும், 'உங்கள் உரையாடலைக் கவனிக்கச் சம்மதமா?' என்று செய்தி அனுப்பினாள். சங்கு உடனே பதில் சொன்னது: 'சரி.'

அறையில் ஒரு மகிழ்ச்சி பரவியது.

"அது எதைச் சொன்னாலும் சரின்னுதாங்க சொல்லும்," என்றாள் நரெல். "பிரச்சினையே அதுதான். நாளைக்கு எவனோ ஒருத்தன் உள்ள வந்து 'ஊது'ன்னாலும் சரின்னு ஊதும். 'ஊதாதே'ன்னாலும் சரின்னு சும்மா கெடக்கும்."

"நல்ல ஒத்துழைப்பு மனப்பான்மை," என்று பெவன் எழுதிக்கொண்டார்.

அளவிக்கு நீர்மட்டம் தவிர வேறெதுவும் சொல்லத் தெரியாது. அது 'ஒன்று புள்ளி நான்கு' என்று பதில் அனுப்பியது. அது சம்மதமா மறுப்பா என்று கூட்டம் மதியம்வரை விவாதித்தது. கேக் தீர்ந்தது. கடைசியில், தன் விருப்பத்தைத் தெளிவாகச் சொல்ல இயலாத தரப்பினர் என்று அளவியை வகைப்படுத்தி, அதற்கொரு பாதுகாவலரை நியமித்தார்கள். மனிதவளப் பிரிவைச் சேர்ந்த அந்த அம்மையார் அளவியின் சார்பில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், "கொஞ்ச நாளா அதுக்கு வேலை ஜாஸ்தியோ?" என்று நரெலிடம் தனியாக விசாரித்தார்.

ஒருவழியாக நரெல் கேட்க ஆரம்பித்தாள். ஆரம்பித்த அன்றே திடுக்கிட்டாள்.

வடக்கே ஏதோ ஒரு ஊரில் நல்ல மழை. 'நான்கு புள்ளி எட்டு. வேகமாக ஏறுகிறது,' என்று அளவி சொன்னது. ஆனால் சங்குக்குப் போய்ச் சேர்ந்தது வேறு: 'நிலவரம் கவனிக்கப்பட்டு வருகிறது.'

நடுவில் யாரோ இருக்கிறார்கள். எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு நிரல், போகிற செய்தியை நிறுத்தி, தின்றுவிட்டு, வேறொன்றைத் துப்பிக்கொண்டிருந்தது. இத்தனை வருடத் தொழிலில் இவ்வளவு துணிச்சலான திருடனை அவள் பார்த்ததில்லை. அதன் பெயரைத் தேடிப் பிடித்தாள். 'நிதானம்' என்று இருந்தது. கணினியைக் கையில் தூக்கிக்கொண்டு பெவன் அறைக்கு ஓடினாள்.

பெவன் எட்டிப் பார்த்தார். சிரித்தார்.

"அட, அது நம்ம ஆளு."

"நம்ம ஆளா?"

"பொதுமக்கள் மனநிம்மதிப் பிரிவு வெச்சது. உக்காருங்க, சொல்றேன். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ஊர்ல அமைச்சர் பேசிட்டிருக்கார். நடுவுல சங்கு ஊதிருச்சு. கூட்டம் மொத்தமும் மேட்டைப் பாத்து ஓடிருச்சு. மேடையில அவரும் மைக்கும்தான்."

"வெள்ளம் வந்துச்சா?"

"வந்துச்சு. ஆனா பாயின்ட் அது இல்ல." பெவன் நாற்காலியில் சாய்ந்தார். பேச்சுக்குத் தயாராகும்போது அவர் கண்கள் சன்னலுக்கு வெளியே போய்விடும். "அதுக்கப்புறம் பெரிய ஆய்வு ஒண்ணு நடத்தினோம். ஜனங்க எப்ப பயப்படறாங்க? எச்சரிக்கை வர்றப்ப. எச்சரிக்கை வராத நாள்ல நிம்மதியா இருக்காங்க. அப்போ பயத்துக்குக் காரணம் என்ன? வெள்ளமில்ல நரெல், எச்சரிக்கை. நாங்க எச்சரிக்கை ஆணையம். பயத்தோட ஊற்றுக்கண்ணே எங்க கையில இருக்கு. எவ்வளவு பெரிய பொறுப்பு, யோசிச்சுப் பாருங்க. நாங்க பொய் சொல்றதில்ல. உண்மைக்குக் கொஞ்சம் அவகாசம் குடுக்கறோம்."

"நிஜமாவே பெரிய வெள்ளம் வந்தா?"

"நிதானம் எனக்குச் செய்தி அனுப்பும். நான் சூழ்நிலைய எடைபோட்டு ஒப்புதல் குடுப்பேன். அப்புறம் ஊதும்."

"நீங்க இல்லைன்னா?"

பெவன் அந்தக் கேள்வியைப் புரிந்துகொள்ள உண்மையாகவே முயன்றார். "எங்க இல்லைன்னா?" என்றார்.

நரெல் அறிக்கை எழுதினாள். இரண்டே விஷயம். ஒன்று, சங்கு யார் சொன்னாலும் கேட்கிறது, அதற்கு ஆள் அடையாளம் தெரிய வேண்டும். இரண்டு, நடுவில் இருக்கிற நிதானத்தை உடனே தூக்கி எறிய வேண்டும், இல்லாவிட்டால் ஒருநாள் ஆட்கள் சாவார்கள். முதல் ஓட்டையைத் திருடன் பயன்படுத்தக்கூடும். இரண்டாவதை ஏற்கெனவே நாமே பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம் என்றும் ஒரு வரி சேர்த்தாள்.

அறிக்கை மனநிம்மதிப் பிரிவுக்குப் போய்த் திரும்பி வந்தது. 'ஆபத்து' என்று அவள் எழுதிய இடமெல்லாம் 'வாய்ப்பு' என்று இருந்தது. 'உயிர்ச்சேதம்' என்பது 'பயனாளர் எண்ணிக்கையில் மாறுதல்' ஆகியிருந்தது. தலைப்பு 'நமது சங்கு: நம்பிக்கையின் குரல்'. அட்டையில் ஒரு குழந்தை வாத்துக்கு ரொட்டி போட்டுக்கொண்டிருந்தது. எழுதியவர் என்று அவள் பெயர் மட்டும் மாறாமல் இருந்தது.

"இதை நான் எழுதலைங்க," என்றாள் இமோஜெனிடம்.

"எழுதினது நீங்கதான். இது மெருகேத்தினது. இன்னொண்ணு, ஆணையத்தோட நடுநிலைச் சாதனம் ஒண்ணை நீங்க இடைமறிச்சிருக்கீங்க. நிதானத்துக்கிட்ட சம்மதம் வாங்கலையே?"

"இடைமறிக்கறதே அதுதாங்க!"

"அதுக்கு அனுமதி இருக்கு," என்றாள் இமோஜென் பொறுமையாக.

நரெலின் குரல் உயர்ந்துவிட்டதாகப் புகார் போனது. மனவலிமைப் பயிற்சி வகுப்புக்கு அனுப்பினார்கள். நீர்த்துளி வடிவத்தில் இருந்த ரப்பர் பந்தைப் பிசைந்துகொண்டே, 'எல்லாச் சத்தமும் அபாயம் அல்ல' என்று கூட்டமாகச் சொல்ல வேண்டும். நரெலும் சொன்னாள். நாலைந்து முறை சொன்ன பிறகு, ஒருவேளை தனக்குத்தான் ஏதோ கோளாறோ என்றுகூட அவளுக்குத் தோன்ற ஆரம்பித்தது. அந்தக் கட்டடத்துக்கு அப்படியொரு சக்தி உண்டு.

மார்ச்சில் மழை பிடித்துக்கொண்டது. கான்பெராவில் அல்ல. வடக்கே, டலூமா ஆற்றின் தலைமாட்டில். ஒரு வியாழக்கிழமை காலை நரெல் கணினியைத் திறந்தபோது அளவி கரிபெல்லா என்ற ஊரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது. ஆறு புள்ளி ஒன்று. ஆறு புள்ளி ஒன்பது. ஏழரை. ஒவ்வொன்றுக்கும் நிதானம் சங்கிடம், நிலவரம் கவனிக்கப்பட்டு வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம் பெவனின் ஒப்புதலுக்காகச் செய்தி மேல் செய்தி அனுப்பிவிட்டு, பதிலில்லாமல் காத்திருந்தது.

மாடியில் அதிகாரிகள் ஒருவரும் இல்லை. இமோஜென் உட்பட அத்தனை பேரும் கடற்கரை விடுதி ஒன்றில் தலைமைப்பண்புப் பயிற்சிக்குப் போயிருந்தார்கள். பயிற்சியின் பெயர் 'ஆழ்ந்து கேட்டல்'. கவனம் சிதறாமல் இருக்கக் கைப்பேசிகளை ஒரு கூடையில் போட்டுப் பூட்டியிருந்தார்கள்.

நரெல் விடுதிக்குப் போன் செய்தாள்.

"இப்ப மௌன நேரங்க," என்றது வரவேற்பில் இருந்த பெண்ணின் குரல், கிசுகிசுப்பாக. "எல்லாரும் கண்ணை மூடிட்டு அலைச் சத்தம் கேட்டுட்டிருக்காங்க."

"வெள்ளம் வருதும்மா!"

"இங்க வெயில் அடிக்குதே."

"அங்க இல்லம்மா, கரிபெல்லாவுல. பெவன் ஸ்ட்ராத்தைத் தட்டி எழுப்பு, தயவுசெஞ்சு."

"தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்களே. அவ்வளவு அவசரம்னா நீங்க வெள்ள எச்சரிக்கை ஆணையத்துக்குப் போன் பண்ணலாமே?"

"நான் அங்கேயிருந்துதான் பேசறேன்!"

"அப்பச் சரி," என்றாள் அந்தப் பெண் நிம்மதியாக. "உங்களுக்கே எல்லாம் தெரிஞ்சிருக்கும்."

நரெல் போனை வைத்தாள். ஊரின் பெயரைப் போட்டுத் தேடியதில் முதலில் வந்தது கரிபெல்லா கேரவன் பார்க், வண்டிவீடுகளை நிறுத்தித் தங்குகிற இடம். 'ஆற்றைத் தொட்டுக்கொண்டு' என்று விளம்பரம். எடுத்தவர் கெவ் டூலன். பார்க்கின் சொந்தக்காரர். ஊரின் மீட்புத் தொண்டர் படைக்கும் அவர்தான் தலைவர் என்று பேசும்போது தெரிந்தது.

"தண்ணி எப்படியிருக்கு?" என்றாள் நரெல், தன்னை யார் என்று சொன்ன பிறகு.

"நீ கான்பெராவுல உக்காந்துக்கிட்டு என்னைக் கேக்கறியா? நல்லாயிருக்கு போ. படகுத்துறை முழுகிப்போச்சு. கலர் சரியில்ல. மரம் மரமா வருது."

"ஜனங்கள மேட்டுக்கு ஏத்துங்க. இப்பவே."

"கத்திப் பாத்துட்டேன். எவன் கேக்கறான்? போன வருஷம் உங்காளுங்க வந்து, ஹால்ல ஸ்கோன் ரொட்டியும் ஜாமும் குடுத்து, 'சங்கு ஊதாம யாரும் நகராதீங்க, வதந்திய நம்பாதீங்க'ன்னு பாடம் எடுத்துட்டுப் போனாங்க. இப்ப நான் வதந்தி. சங்கு ஊதலையேங்கறானுங்க. பப்புல பாதி ஊரு உக்காந்து கிரிக்கெட் பாக்குது. பார்க்குல வயசானவங்க இருபது முப்பது பேர் இருக்காங்க, வண்டிய எடுக்கவே அரை நாள் ஆகும்."

"நீங்களே ஊதிர முடியாதா?"

"கைப்பிடி இருந்துச்சு. பாதுகாப்பு இல்லைன்னு உங்காளுங்கதான் கழட்டிட்டுப் போனாங்க."

நரெல் திரையைப் பார்த்தாள். எட்டு. நிலவரம் கவனிக்கப்பட்டு வருகிறது.

சங்கு யார் சொன்னாலும் கேட்கும். ஒரே ஒரு வார்த்தை போதும். அதைச் செய்தால் வேலை போகும் என்பது நிச்சயம். ஜெயிலும் இருக்கலாம். அரசாங்க அமைப்பில் போலிச் செய்தி புகுத்துவது எவ்வளவு பெரிய குற்றம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். மற்றவர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறாள். 'எல்லாச் சத்தமும் அபாயம் அல்ல' என்ற வரி ஒரு கணம் மனசில் ஓடியது. அதற்கு அவள் சொன்ன பதிலை அச்சில் போட முடியாது.

'ஊது' என்று அடித்தாள்.

'சரி' என்றது சங்கு.

காதில் வைத்திருந்த போன் வழியாக அந்தச் சத்தம் முதலில் முனகலாக எழுந்து, பிறகு அலறலாக ஏறியது. நாய்கள் குரைத்தன. கெவ் ஒரு கெட்ட வார்த்தையைச் சந்தோஷமாகச் சொன்னார். போன் கீழே விழுந்தது.

சாயங்காலத்துக்குள் கேரவன் பார்க் இருந்த இடத்தில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. ஊர் முழுக்க மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு உயிரும் போகவில்லை.

மறுநாள் தொலைக்காட்சியில் பெவன் தோன்றினார். மஞ்சள் மழைக்கோட்டு போட்டிருந்தார். பின்னால் கான்பெராவின் நீல வானம். "எங்கள் அமைப்பு திட்டமிட்டபடி, துல்லியமாகச் செயல்பட்டது," என்றார். "கேட்பதுதான் எங்கள் பலம்." அமைச்சர் பாராட்டினார். ஆணையத்துக்கு அந்த வருடத்தின் சிறந்த பொதுச்சேவை விருது அறிவிக்கப்பட்டது.

திங்கட்கிழமை நரெலை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

"வெளிய இது வெற்றி," என்றாள் இமோஜென். "அதுல மாற்றமில்ல. ஆனா உள்ளுக்குள்ள பாத்தா, அந்த நேரத்துல சங்கு ஊத ஒப்புதல் இல்ல. சட்டப்படி பாத்தா அங்க நடந்தது, அனுமதி பெறாத உயிர்காப்பு."

"வேற என்ன செஞ்சிருக்கணும்னு சொல்லுங்க," என்றாள் நரெல்.

"காத்திருந்திருக்கணும்," என்றார் பெவன். அவர் குரலில் கோபம் இல்லை. மனம் புண்பட்டிருந்தது. "மௌன நேரம் முடிஞ்சதும் நான் பாத்திருப்பேன் இல்லையா?"

"முடிஞ்சதும் பாத்தீங்களா?"

"முடிஞ்சதும் டீ இருந்துச்சு. அதுக்கப்புறம் அனுபவப் பகிர்வு. நீங்க என் இடத்துல இருந்து யோசிக்கணும், நரெல். நான் ஒப்புதல் குடுக்காமலே நல்லது நடந்துருச்சுன்னா, நாளைக்கு என் ஒப்புதலுக்கு என்ன மரியாதை?"

வழக்குப் போட்டால் உண்மை வெளியே வரும் என்பதால் வழக்குப் போடவில்லை. ஒப்பந்தத்தை மட்டும் முடித்துக்கொண்டார்கள். அனுப்பும்போது ஆணையத்தின் நன்றியறிதலாக அந்த ரப்பர் பந்து ஒன்றைக் கொடுத்தார்கள். அவள் அதை வாசலிலேயே குப்பைத்தொட்டியில் போட்டாள்.

அவளுடைய அறிக்கை வீண்போகவில்லை. முதல் சிபாரிசை அந்த வாரமே போர்க்கால அவசரத்தில் நிறைவேற்றினார்கள். இனி சங்கு கண்டவர் பேச்சைக் கேட்காது. ஒருவர் சொன்னால் மட்டும்தான் கேட்கும். அந்த ஒருவர், நிதானம்.

நரெல் நாயை ஏற்றிக்கொண்டு கரிபெல்லாவுக்கு வண்டியை விட்டாள். ஏன் போகிறோம் என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. கெவ் அவளைப் பார்த்ததும் கட்டிப்பிடிக்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. "கால் அளவு என்ன?" என்று கேட்டு, ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸும் மண்வெட்டியும் கொடுத்தார். பார்க் முழுக்க முழங்கால் அளவு சேறு. அவளுக்கு முதுகு ஒடிந்தது. பல மாதங்களுக்குப் பிறகு, செய்த வேலை கண்ணுக்குத் தெரிந்தது.

அங்கே இருந்த மூன்றாவது நாள் ஆணையத்தின் வெள்ளைக் கார் வந்து நின்றது. பெவன் இறங்கினார். புத்தம்புது ரப்பர் பூட்ஸில் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது. கூடவே புகைப்படக்காரர். கையில் விருதுக் கேடயம். நரெலைப் பார்த்ததும், முன்பின் தெரியாதவர்களிடம் காட்டும் அன்போடு தலையசைத்தார்.

"உங்க ஊர்ச் சங்கை இப்ப முழுசாப் பாதுகாத்துட்டோம்," என்றார் கெவ்விடம். "யாரும் நெருங்கவே முடியாது."

"யாருகிட்டேருந்து பாதுகாத்தீங்க?"

"எல்லார்கிட்டேருந்தும்."

கெவ் மண்வெட்டியைச் சேற்றில் குத்தி நிறுத்தினார். "அந்தக் கேடயத்தை நல்லா வழவழன்னு பண்ணியிருக்காங்க நண்பா. சேறு வழிக்க ஆகும். குடுத்துட்டுப் போ."

பெவன் சிரித்தார். அது நகைச்சுவை என்று முடிவு செய்திருந்தார். கெவ்வின் தோளில் கை போட்டுப் படத்துக்கு நின்றார். அப்போது மலைப்பக்கம் இடி உருண்டது. நாலு சொட்டு மழை கேடயத்தின் மேல் விழுந்தது. பெவனின் சிரிப்பு முகத்திலேயே உலர்ந்தது. ஆற்றைப் பார்த்தார். அது பழுப்பாக, சத்தமில்லாமல், கரைக்கு மிக அருகில் போய்க்கொண்டிருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அதை இவ்வளவு பக்கத்தில் பார்க்கிறார் என்று தெரிந்தது.

கெவ்விடமிருந்து கையை எடுத்துக்கொண்டு, நேராக நரெலிடம் வந்தார்.

"ஏறுதா?" என்றார் தாழ்ந்த குரலில். "பாலம் முழுகிருமா? நான் கிளம்பணுமா?"

தண்ணீரை அளக்கக் கரையோரம் கெவ் நட்டிருந்த கம்பை நரெல் பார்த்தாள். காலையில் தெரிந்த கோடு இப்போது தெரியவில்லை.

"ஏறுது," என்றாள். "கிளம்புங்க."

பெவன் வேறெதுவும் கேட்கவில்லை. யார் ஒப்புதல் என்று கேட்கவில்லை, எழுத்தில் தரச் சொல்லவில்லை. ஓடினார். ஒரு கால் பூட்ஸ் சேற்றில் மாட்டிக்கொண்டது. அதை அப்படியே விட்டுவிட்டு, ஒற்றைக் காலுறையோடு காரில் ஏறினார். புகைப்படக்காரர் ஏறி முடிப்பதற்குள் கார் நகர்ந்துவிட்டது.

"நல்லாத்தான் ஓடறான்," என்றார் கெவ். பிறகு நரெலும் அவரும் பார்க்கில் மிஞ்சியிருந்த குளிர்பதனப் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மேட்டுக்குத் தூக்கத் தொடங்கினார்கள்.